தலை அறுத்த போல்ட்

இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று சொல்லிவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. போன சித்திரையில், அக்னி நட்சத்திர வெயிலில், அரியலூரில். நடந்த கடை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஷட்டரை மட்டும் மாற்றிவிட்டார்கள். பழைய ஷட்டரை எடைக்கு எடுத்துப்போன ஆள், "இதென்னங்க, உள்பக்கமா நின்னு யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரில்ல இருக்கு?" என்று கேட்டார்.

நடந்தது முத்தமிழுக்கு. அவள் கதை கட்டுகிற பெண் இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதற்கே யோசிக்கிறவள்.

அந்த சைக்கிள் கடை அவள் அண்ணன் மணிவேலுடையது. செந்துறை ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற வழியில், நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி மாதிரி ஒரு கடை. ஜன்னல் கிடையாது. பின்வாசல் கிடையாது. முன்னால் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். மணிவேலுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. கடையைப் பக்கத்து டீக்கடை தர்மராஜிடம் கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தான். முத்தமிழ் தனக்கு வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவள் அவள். கடை போய்விட்டால் அவளுக்கு அடுப்படிதான். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் வீட்டில் ஆரம்பித்திருந்தது.

அன்று காலை மணிவேல் சாமான் வாங்கத் திருச்சிக்குக் கிளம்பினான்.

"இன்னைக்கி ஒருநாளு நீயே பாரு தமிழு. வந்த வேலை எதையும் திருப்பி அனுப்பக் கூடாது. சாயந்தரம் வந்து கேப்பேன்."

"கேளு."

"திருப்பி அனுப்புனன்னு தெரிஞ்சுது, சாவி தர்மராஜ் அண்ணங்கிட்ட. அப்பறம் அழுவக் கூடாது."

"போண்ணா, பஸ்ஸு போயிரப் போவுது."

டீக்கடையிலிருந்து தர்மராஜ் குரல் கொடுத்தார். "என்ன தமிழு, இன்னைக்கி நீதான் மொதலாளியா? பொட்டப்புள்ள ஒட்டுன பஞ்சரு ரயில்வே கேட்டு வரைக்குமாவது தாங்குமா?"

"ஒங்க டீய விட நல்லாத் தாங்கும்ண்ணே."

அவர் சிரித்தார். முத்தமிழும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உச்சி நெருங்குகிற நேரம் பாக்யலட்சுமி என்கிற அம்மா ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சீட்டு எறங்கவே மாட்டேங்குது பாப்பா. எம்மவ ஆர்த்திக்குக் காலு எட்டல. பெரம்பலூர்ல பழைய சாமான் கடையில வாங்குனது. ஏதோ ஒடஞ்ச போல்ட்டு உள்ள மாட்டிக்கிட்டு இருக்காம். ரெண்டு கடையில காட்டிட்டேன், எடுக்க முடியாதுன்னு கைய விரிச்சிட்டாங்க."

"எடுத்துடலாங்க்கா."

"யாரு, நீயா?"

"நான்தாங்க்கா."

பாக்யலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். மூணு மணிக்கு வருவேன். முடியலன்னா அப்பவே சொல்லிடு பாப்பா, மறைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முத்தமிழ் சீட்டைக் கழற்றினாள். சீட்டுக் கம்பி இறங்குகிற குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒரு சாண் ஆழத்தில் ஒரு போல்ட் குழாயின் குறுக்கே போயிருந்தது. வெளியே அதன் இரண்டு முனையும் குழாயோடு குழாயாக இருந்தன. மேலே பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். பிடித்துத் திருக எதுவும் இல்லை.

பெயின்டைச் சுரண்டினாள். அடியில் சிவப்பாக ஏதோ இருந்தது. துரு என்று நினைத்தாள். விரலில் தேய்த்தாள். துரு இவ்வளவு மிருதுவாக, குங்குமம் மாதிரி, இருக்காது.

இன்னும் சுரண்டினாள். பட்டாணி அளவில் போல்ட்டின் முகம் தெரிந்தது.

உடைந்த போல்ட்டின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடித்துப்போட்ட முறுக்கு மாதிரிக் கரடுமுரடாக இருக்கும். இது சமமாக இருந்தது. ரம்பம் போன கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. சைக்கிளைத் திருப்பி மறுமுனையைச் சுரண்டினாள். அங்கேயும் அதே கோடுகள்.

இது உடையவில்லை. யாரோ அறுத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் எந்த சைக்கிளுக்கும் போல்ட் கிடையாது. வேண்டுமென்றே ஓட்டை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முறுக்கி, பிறகு தலையையும் வாலையும் அறுத்திருக்கிறார்கள். இனி எவனும் கழற்றக் கூடாது என்று நினைத்தால்தான் ஒருவன் அப்படிச் செய்வான்.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் சாயந்தரம் அண்ணன் வருவான். 'ஒரு வேலையைத் திருப்பி அனுப்பிட்டேன்' என்று சொன்னால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான். சாவியைத் தூக்கித் தர்மராஜ் கையில் கொடுத்துவிடுவான். அவள் மண்ணெண்ணெயை எடுத்துப் போல்ட்டின் மேல் ஊற்றினாள்.

கடையில் ஒரே ஒரு பிளக். துளை போடும் மிஷினுக்கு அது வேண்டும். சார்ஜில் இருந்த போனைக் கொண்டுபோய் தர்மராஜ் கடையில் போட்டுவிட்டு வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. ரோட்டில் ஆள் இல்லை. லாரிகூட இல்லை. சைக்கிளைச் சுவர் பார்க்க நிறுத்தி, ஷட்டரை ஒரு சாண் மட்டும் இடைவெளி விட்டு இறக்கினாள். டியூப்லைட்டைப் போட்டாள்.

தூரத்தில் சிமென்ட் ஆலையின் சங்கு ஊதியது. மணி ஒன்று.

போல்ட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினாள். ஓட்டை போடும் முனை வழுக்காமல் உட்கார ஒரு பள்ளம் வேண்டும், அதற்காக.

டொக். டொக்.

பள்ளம் விழுந்திருக்கிறதா என்று குனிந்தாள்.

டொக்... டொக்... டொக்.

கை அப்படியே நின்றது. சத்தம் குழாய்க்குள்ளிருந்து வந்தது.

இரும்பு சூடேறினால் விரியும், சத்தம் போடும். அப்படித்தான் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். வேண்டுமென்றே ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. மூச்சு விட்டாள்.

டொக்... டொக்... டொக்.

இரும்பு இப்படி எண்ணித் தட்டாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மிஷினை எடுத்தாள். அதன் இரைச்சலில் வேறு சத்தம் கேட்காது என்பதே அவளுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

முனை போல்ட்டுக்குள் இறங்கியது. இரும்புத் தூள் வெள்ளையாக மின்னி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து குழாயின் அடியிலிருந்து வேறு ஒரு தூள் கொட்டியது. மஞ்சள் தூள். மாவு மாதிரி. மோந்து பார்த்தாள். காய்ந்த மக்காச்சோளத்தின் வாசம்.

மிஷினை நிறுத்தினாள். முனையில் ஒரு முடி சுற்றியிருந்தது. தன்னுடையது என்று நினைத்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. முழங்கை நீளம். பாதி நரைத்த முடி.

முத்தமிழுக்கு வயது இருபத்திரண்டு.

எழுந்து ஷட்டரைத் தூக்கிவிடலாம் என்று திரும்பினாள். அப்போதுதான் கவனித்தாள். சுவர் பார்த்து நிறுத்திய சைக்கிளின் ஹேண்டில்பார் திரும்பியிருந்தது. முன்சக்கரம் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி ஒரு வேலைதான் பாக்கி. உடைந்த போல்ட்டைக் கழற்றவென்றே ஒரு கருவி உண்டு. திருகல் திருகலான சின்ன இரும்புக் கூம்பு. ஓட்டைக்குள் செருகி இடப்பக்கமாகத் திருகினால் போல்ட்டைக் கவ்விக்கொண்டு வரும். அதைச் செருகினாள். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போய்விடலாம். தர்மராஜ் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் கொடுத்துத் திருகினாள்.

க்ரீச்...

போல்ட் ஒரு சுற்று அசைந்தது.

கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. இருட்டு. ஷட்டருக்கு அடியில் விட்ட இடைவெளியை அவள் கண் தேடியது.

இடைவெளி இல்லை. ஷட்டர் தரையோடு தரையாக மூடியிருந்தது.

அது இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. அந்த ஷட்டர் இறங்கினால் டீக்கடையில் தூங்குகிற நாய்கூட எழுந்துவிடும்.

ஓடிப்போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. உட்கார்ந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே பூட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. சலக்... சலக்...

பூட்டு அவளுக்குப் பக்கத்தில், உள்ளே, பலகையின் மேல் இருந்தது. கையால் தடவிப் பார்த்தாள். இருந்தது.

"தர்மராஜண்ணே!"

இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தாள். வெயிலில் காய்ந்த தகரம் உள்ளங்கையைச் சுட்டது. அனல். மூச்சு முட்டியது. நாக்கு வறண்டது. எவ்வளவு நேரம் அடித்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது வாசம் வந்தது.

கற்பூரம்.

ஷட்டருக்கு அடியிலிருந்து, வெளியே யாரோ நெருக்கத்தில் ஏற்றி வைத்த மாதிரி. முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெளியே ஆள் இருக்கிறது! கத்தினாள். அலறினாள். வாசம் மட்டும் அதிகமாகிக்கொண்டே போனது. யாரும் பேசவில்லை.

பிறகு செருப்புச் சத்தம். நிஜமான செருப்புச் சத்தம்.

"யாரும்மா உள்ள?" தர்மராஜின் குரல். "மணிவேலு ஒன் போனுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கான். கடை சாத்திக் கெடக்கு, நீ வூட்டுக்குப் போயிட்டன்னுல்ல நெனச்சேன்?"

"நான்தாண்ணே! முத்தமிழு! தொறங்கண்ணே, தூக்க முடியல!"

அவர் ஷட்டரில் காதை வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ தமிழுன்னா... கூட கத்துறது யாரு?"

"யாருமில்லண்ணே. நான் மட்டும்தாண்ணே."

"ரெண்டு பொம்பள சத்தம் கேக்குதே புள்ள..."

செருப்புச் சத்தம் பின்னால் நகர்ந்தது. ஓர் அடி. இன்னோர் அடி. பிறகு ஓட்டம்.

"அண்ணே! போவாதீங்கண்ணே!"

போய்விட்டார்.

முத்தமிழ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழைய ஷட்டர் அது. அங்கங்கே ஆணி ஓட்டைகள். வெயில் அவற்றின் வழியாகப் புள்ளி புள்ளியாக உள்ளே வந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

மேலே இருந்த ஒரு புள்ளி அணைந்தது.

பக்கத்துப் புள்ளி.

அதற்குக் கீழே ஒன்று.

ஓட்டை அடைபடவில்லை. அவளுக்கும் ஷட்டருக்கும் நடுவில்... யாரோ நிற்கிறார்கள்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

டொக்... டொக்... டொக்.

இப்போது சத்தம் குழாயிலிருந்து வரவில்லை. ஷட்டரிலிருந்து வந்தது. உள்பக்கத்திலிருந்து.

"யாராச்சும் இருக்கீங்களா..."

வறண்ட குரல். எச்சில் இல்லாத நாக்கு பேசுகிற குரல். அவளை மிரட்டவில்லை. அவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. வெளியே பார்த்துப் பேசியது.

"நான் உசுரோடதான் இருக்கேன்... தொறங்க..."

ஒன்று முத்தமிழுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரமாக அவள் கத்தியதையேதான் அதுவும் கத்துகிறது. அவளுக்கு வேண்டியதுதான் அதற்கும் வேண்டும்.

போல்ட் பாதியில் நின்றது.

இருட்டில் தவழ்ந்து போனாள். கை தடவி ஸ்பேனரைப் பிடித்தாள்.

திருகினாள்.

டொக்டொக்டொக்டொக்...

இன்னொரு சுற்று. ஷட்டர் முழுதும் அதிர்ந்தது.

இன்னொன்று.

தகரம் வளைவதைக் கேட்டாள்.

இன்னொன்று...

போல்ட் அவள் மடியில் விழுந்தது.

சத்தம் நின்றது.

கற்பூர வாசம் நின்றது.

புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. கீழே ஒன்று. பக்கத்தில் ஒன்று. மேலே ஒன்று.

அந்தக் கணம் ஷட்டர் மேலே போனது. தர்மராஜ் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் நான்கு பேர் வேலை அங்கே இருக்கவில்லை. அவர் ஒரு விரலைக் கொடுத்ததும் காகிதம் மாதிரி ஏறிவிட்டது. வெளியே பூட்டும் இல்லை, கற்பூரமும் இல்லை, சாம்பலும் இல்லை.

கூட வந்தவர்கள் சொன்னது இது. ஷட்டர் ஏறியதும் தர்மராஜ் ஒதுங்கி வழி விட்டார். பிறகு முத்தமிழ் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்காக அவர் இரண்டாவது முறை ஒதுங்கினார்.

முதல் முறை யாருக்கு ஒதுங்கினார் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பாக்யலட்சுமி வந்தபோது சீட்டு வழுவழுவென்று கடைசிவரை இறங்கியது. முத்தமிழ் கையை விரித்துக் காட்டினாள். போல்ட்டின் மரையெங்கும் முடி சுற்றியிருந்தது. நரைத்த முடி. அதன் மேல் மஞ்சள் நூல், எண்ணெயில் கறுத்த மஞ்சள் நூல்.

பாக்யலட்சுமி சைக்கிளிலிருந்து கையை எடுத்துவிட்டார். முடியைச் சுற்றிப் புளிய மரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டுவதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர் அவர்.

"சைக்கிளு இங்கேயே இருக்கட்டும் பாப்பா. நான் விசாரிச்சிட்டு வரேன்."

சாயந்தரம் மணிவேல் வந்தான். சைக்கிளைப் பார்த்தான். சீட்டை ஏற்றி இறக்கினான்.

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"எடுத்துக்க. கடை ஒன்னுதுதான்."

"ஷட்டர மாத்தணும்ண்ணா."

"ஏன், நல்லாத்தானே..." திரும்பிப் பார்த்தவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். ஷட்டரில் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கிய குழிகள். முஷ்டி அளவு. இரண்டு வரிசை. அவன் தங்கையின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். சூட்டில் சிவந்திருந்தன. விரல் முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

சித்திரை முடிந்தபின் ஒருநாள் பாக்யலட்சுமி வந்தார். பழைய சாமான் கடைக்காரரைப் பிடித்து, அவர் யாரிடம் வாங்கினார் என்று கேட்டு, அரும்பாவூர்ப் பக்கம் வரைக்கும் போய் வந்திருந்தார். கடைக்குள் வரவில்லை. வெளியே நின்றபடியே சொன்னார்.

சைக்கிள் குஞ்சம்மாள் என்கிற பெண்ணுடையது. மக்காச்சோள குடோன் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், மூட்டைகளுக்குப் பின்னால் அசந்து கண்ணயர்ந்துவிட்டிருக்கிறாள். ஆள் இருப்பது தெரியாமல் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்கள். பொங்கல் லீவு. மகள் வீட்டுக்குச் செட்டிகுளம் போயிருப்பாள் என்று மகன் நினைத்துக்கொண்டான். அவளுடைய சைக்கிள் குடோன் வாசலில், வேப்ப மரத்தடியிலேயே நின்றது. யாரும் கேட்கவில்லை.

அவள் உள்ளேயே செத்துப்போனபிறகு அந்த சைக்கிள் வீட்டில் உச்சி வேளையானால் தட்டத் தொடங்கியதாம். மந்திரிக்கிற ஆளைக் கூட்டிவந்து, அவளுடைய சீப்பில் இருந்த முடியைச் சுற்றி, போல்ட்டை இறக்கி, தலையை அறுத்திருக்கிறார்கள்.

"குடோனுக்குக் காவக்காரரு இல்லையாக்கா?" முத்தமிழ் கேட்டாள்.

"இருந்தாராம் பாப்பா. இப்பவும் இருக்காரு. அவரு வாயாலதான் கேட்டேன்."

"அவருக்குச் சத்தம் கேக்கலியா?"

பாக்யலட்சுமி சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டிருக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று உச்சி வேளையில். பூட்டின குடோனுக்குள் ஒரு பொம்பளை குரல், தட்டுகிற சத்தம். பேய் என்று நினைத்துப் பயந்துவிட்டார். கடைக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வந்தார். பூட்டைத் தொடவில்லை. ஷட்டருக்கு அடியில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாளும் ஏற்றினார்.

அதற்கடுத்த நாள் சத்தம் நின்றுவிட்டதாம்.

கற்பூரம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தாராம்.